கண்ணு நிறைஞ்சுது, மனசு நிறையல: செலவு பண்ணி எடுத்த நுவார் படம் ஏன் ஆடியன்ஸ ரெண்டாப் பிரிக்குது?

2022ல ஒரு நாள் ராத்திரி நானும் என் சித்தி பையனும் வீட்டு ஹால்ல உக்காந்து 'நைட்மேர் ஆலி' பாத்தோம், கில்லர்மோ டெல் டோரோ எடுத்தது, முழுசா 2 மணி 30 நிமிஷம். படம் முடிஞ்சு பேரு ஓட ஆரம்பிச்சப்புறமும் நான் எடத்த விட்டு எந்திரிக்கல, நெஞ்சுல ஏதோ கல்லு வெச்ச மாதிரி இருந்துச்சு. அவன் பாட்டுக்கு எந்திரிச்சு தண்ணி குடிச்சுட்டு வந்து, "அண்ணே, ஒவ்வொரு ஃப்ரேமும் மாட்டி வெக்கலாம் போல இருக்கு, அத ஒத்துக்கறேன், ஆனா எனக்குள்ள ஒண்ணுமே எறங்கலையே, ஏன்?"னு கேட்டான். குறை சொல்றதுக்காக கேக்கல, நெஜமாவே புரியாமதான் கேட்டான். அன்னைக்கு என்னால சரியா பதில் சொல்ல முடியல. அதுக்கப்புறம் நெறைய பாத்து, படிச்சு, யோசிச்சு எனக்குப் புரிஞ்சத இங்க எழுதறேன். நுவார்னா என்னன்னே தெரியாதவங்களும் படிக்கலாம். படத்தோட முடிவு வரைக்கும் பேசுவேன், அதனால இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

முதல்ல அந்த வார்த்தை. நுவார்னா பிரெஞ்சுல கருப்புன்னு அர்த்தம். ரெண்டாம் உலகப் போர் நடந்தப்ப பிரான்ஸ் ஜெர்மனி கையில இருந்துச்சு, அமெரிக்கப் படங்க அங்க வரவே இல்ல. போர் முடிஞ்சதும் அந்த சில வருஷத்துப் படங்க எல்லாம் ஒண்ணா சேந்து பாரிஸ் தியேட்டருங்களுக்கு வந்து எறங்குச்சு. வரிசையா பாத்த விமர்சகர்களுக்கு ஒரு விஷயம் சட்டுனு தெரிஞ்சுது, இந்த ஹாலிவுட் க்ரைம் படங்கள்லாம் ஏன் இப்படி இருட்டா, கசப்பா மாறிப் போச்சுன்னு. 1946ல நினோ ஃபிராங்க்னு ஒரு விமர்சகர் அதுக்கு 'ஃபிலிம் நுவார்'னு பேர் வெச்சு எழுதினாரு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தப் படங்கள எடுத்தவங்க யாரும் நாம நுவார் எடுக்கறோம்னு நெனச்சு எடுக்கல. அவங்களப் பொறுத்தவரைக்கும் அது க்ரைம் படம், மெலோடிராமா, அவ்ளோதான். பேரு பின்னாடி வந்துச்சு, ஸ்டைல் முன்னாடியே பொறந்துடுச்சு.

அந்த ஸ்டைல் எப்படி பொறந்துச்சுங்கறது நம்ம கேள்விக்கு ரொம்ப முக்கியம், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். ஒரு முகத்த லைட் பண்ணணும்னா சாதாரணமா மூணு லைட் வெப்பாங்க. கீ லைட்டுதான் மெயின், அது ஒரு பக்கத்துலேர்ந்து முகத்துல விழும். எதிர்ப்பக்கத்துல விழற நிழல கொறைக்க ஃபில் லைட். தலமுடியையும் தோளையும் பின்னாடி இருக்கற சுவத்துலேர்ந்து பிரிச்சுக் காட்ட பேக் லைட். காதல் படத்துலயும் பாட்டு சீன்லயும் ஃபில்ல நல்லா தூக்கி வெப்பாங்க, முகம் முழுக்க பளிச்சுனு இருக்கும். நுவார்ல அந்த ஃபில்ல கொறைச்சுடுவாங்க, சில சமயம் சுத்தமா எடுத்துடுவாங்க. அவ்ளோதான் விஷயம், பாதி முகம் இருட்டுல மூழ்கிடும், அந்த ஆளு என்ன நெனைக்கறான்னு நம்மால முழுசா படிக்க முடியாது. ராத்திரி சீன்ல ரோட்டுல தண்ணி அடிச்சு ஈரமாக்கறதும் இதே கணக்குதான், காஞ்ச தார் ரோடு வெளிச்சத்த முழுங்கிடும், ஈர ரோடு திருப்பிக் குடுக்கும், ஒரே ஒரு தெரு விளக்க வெச்சுக்கிட்டு முழு தெருவையும் மின்ன வெச்சுடலாம்.

இந்த இருட்டு எல்லாம் கலைக்காக மட்டும் வந்துச்சுன்னு நெனச்சுடாதீங்க. ஹிட்லர் காலத்துல ஜெர்மனியிலேர்ந்தும் ஆஸ்திரியாவுலேர்ந்தும் தப்பிச்சு வந்த டைரக்டருங்க, கேமராமேனுங்க அந்த நிழல் விளையாட்ட கூடவே எடுத்துட்டு வந்தாங்கங்கறது உண்மைதான். ஆனா காசும் ஒரு பெரிய காரணம். 1942ல அமெரிக்கால போர்க்கால உற்பத்தி வாரியம் ஒரு படத்துக்கு புது செட் சாமான் 5,000 டாலருக்கு மேல வாங்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுச்சு. மரம், ஆணி, பெயிண்ட் எல்லாம் போருக்குப் போகணும். அப்ப என்ன பண்ணுவாங்க, இருக்கற பழைய செட்டுல பாதிய இருட்டுல போட்டு மறைச்சுடுவாங்க. 1945ல எட்கர் உல்மர் எடுத்த 'டீடூர்' ரொம்ப கொறஞ்ச செலவுல எடுத்த படம், அதுல நியூயார்க் தெருவுல காதலனும் காதலியும் நடந்து போற சீன்ல தெருவே கிடையாது, பனிமூட்டமும் தெருப் பேரு எழுதின கம்பமும் மட்டும்தான். 1955ல வந்த 'தி பிக் காம்போ'வோட கடைசி ஷாட்ட பாருங்க, ஜான் ஆல்டன் கேமரா, புகை மாதிரி பனி, ஒரு வெளிச்சம், ரெண்டு கருப்பு உருவம். அதுல இருக்கற பொருள எண்ணினா விரல் மிச்சமாகும், ஆனா நுவார்னு சொன்னா இன்னிக்கும் எல்லாரும் எடுத்துக் காட்டற ஷாட் அது.

இங்கதான் நான் சொல்ல வர்ற விஷயம் இருக்கு. நுவார் இல்லாமையில பொறந்த ஸ்டைல். இருட்டுல என்ன இருக்குன்னு படம் சொல்லாது, நம்ம பயந்த மனசே அத நிரப்பிக்கும். நுவார் பாக்கறப்ப வர்ற அந்த வயித்தப் பெசயற பதட்டம் இருக்கே, அதுல பாதி வேலை நாம பண்ற வேலை. இப்ப இதே ஸ்டைல கையில நெறைய காசோட எடுத்தா என்ன ஆகும்? எல்லா மூலையிலயும் ஏதாவது ஒண்ணு இருக்கும். செதுக்கின மரம், பித்தளை விளக்கு, கையால வரைஞ்ச பேனர், கண்ணாடி ஜாடி, அந்தக் காலத்து துணி. நிரப்பறதுக்கு நமக்கு எடமே இருக்காது. சிலருக்கு அந்த நிறைவே போதை மாதிரி உள்ள இழுத்துடும், சிலருக்கு அது ஒரு கண்ணாடிச் சுவரு மாதிரி முன்னாடி நின்னுடும். என் தம்பி சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னான்.

'நைட்மேர் ஆலி' இதுக்கு ரொம்ப பொருத்தமான உதாரணம், ஏன்னா அதே கதைய ரெண்டு தடவ காசு கொட்டி எடுத்திருக்காங்க, ரெண்டு தடவையும் இதேதான் நடந்துச்சு. வில்லியம் லிண்ட்சே கிரஷாம் 1946ல எழுதின நாவல். அடுத்த வருஷமே ஃபாக்ஸ் ஸ்டூடியோ படமா எடுத்துச்சு, எட்மண்ட் கோல்டிங் டைரக்ஷன். டைரோன் பவர்னா அந்தக் காலத்துல கத்திச் சண்டை போடற அழகான ஹீரோ, அந்த இமேஜ ஒடைக்கணும்னு அவரே ஆசப்பட்டு கேட்டு நடிச்ச படம். மத்த நுவார் மாதிரி சிக்கனமா எடுக்கல, ஸ்டூடியோ எடத்துலயே ஒரு முழு கார்னிவல் செட்டு போட்டாங்க. படம் ஓடல. அழகான ஹீரோவ பாக்க வந்த சனம் அவரு சீரழியறத பாக்க தயாரா இல்ல. ஸ்டூடியோவும் பயந்துபோய் நாவல்ல இருந்த கொடூரமான முடிவுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஆறுதல ஒட்டி வெச்சுது. அப்புறம் உரிமைப் பிரச்சனையில அந்தப் படம் வீடியோவுல கூட வெளிவராம கெடந்து 2005லதான் டிவிடியா வந்துச்சு, அதுக்குள்ள அதுக்கு ஒரு ரசிகர் கூட்டமே சேந்துடுச்சு.

டெல் டோரோ படம் 2021 டிசம்பர் 17ல அமெரிக்கால ரிலீஸ். அதே நாள்ல 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' வருது, கொரோனா பயத்துல பெரியவங்க இன்னும் தியேட்டர் பக்கம் சரியா வரல, இந்த மாதிரி படத்துக்கு அவங்கதான் ஆடியன்ஸ். சுமார் 6 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க சேத்து வசூல் 4 கோடியத் தொடல. ஆனா ஆஸ்கர்ல சிறந்த படம், ஒளிப்பதிவு, தயாரிப்பு வடிவமைப்பு, உடைன்னு 4 நாமினேஷன். இந்த லிஸ்ட்ட கொஞ்சம் உத்துப் பாருங்க, ஒண்ணத் தவிர மீதி எல்லாம் கண்ணுக்கான பிரிவுங்க. நடிப்புக்கு இல்ல, திரைக்கதைக்கு இல்ல, டைரக்ஷனுக்கும் இல்ல. அவார்ட் குடுக்கறவங்களே தெரிஞ்சோ தெரியாமலோ என் தம்பி சொன்னதையே சொல்லிட்டாங்கன்னு எனக்குத் தோணுச்சு.

கதை சுருக்கமா. 1939, ஸ்டான்னு ஒருத்தன் (பிராட்லி கூப்பர்) ஒரு பொணத்த தரைக்கடியில தள்ளி வீட்ட கொளுத்திட்டு கெளம்பி ஒரு கார்னிவல்ல வேலைக்கு சேர்றான். அங்க 'கீக்'னு ஒரு காட்சி இருக்கு, மனுசனா மிருகமான்னு தெரியாத ஒரு ஆளு குழிக்குள்ள உயிரோட இருக்கற கோழிய கடிப்பான், சனம் காசு குடுத்து பாக்கும். கார்னிவல் நடத்தற கிளெம் (வில்லெம் டஃபோ) ஒரு நாள் ஸ்டானுக்கு கீக்க எப்படி உருவாக்கறதுன்னு சோறு சாப்பிட்டுக்கிட்டே சாவகாசமா சொல்றான். குடிகாரன் ஒருத்தன தேடிப் பிடி, தற்காலிக வேலைதான்னு சொல்லு, சாராயத்துல ஓபியம் கலந்து குடு, அப்புறம் அவன் எங்கயும் போக மாட்டான். ஸ்டான் அங்க ஒரு வயசான தம்பதிகிட்ட மனச படிக்கற வித்தைய கத்துக்கிட்டு மோலிங்கற பொண்ண கூட்டிக்கிட்டு பஃபலோ நகரத்துக்குப் போய் பணக்காரங்க முன்னாடி ஷோ பண்றான். லிலித்னு ஒரு மனநல டாக்டர் (கேட் பிளாஞ்செட்) கூட கூட்டு சேந்து ஒரு பணக்காரன ஏமாத்தப் போறான். அங்கேர்ந்து சறுக்கல்தான்.

இப்ப படத்தோட முதல் பாதிய எடுத்துக்கங்க. கார்னிவல் முழுக்க சேறு, மழை, நனைஞ்ச கூடாரம், மங்கின பல்பு. செலவு அங்கயும் ஏராளம், ஆனா அந்தப் பொருளெல்லாம் கையால தொட்டுத் தேஞ்ச பொருளு. ஜாடியில மெதக்கற குழந்தை, துருப்பிடிச்ச கூண்டு, கிழிஞ்ச பேனர், எல்லாத்துலயும் யாரோ வாழ்ந்த அழுக்கு ஒட்டிருக்கு. தம்பி அந்த ஒரு மணி நேரமும் போன தொடல, நான் கவனிச்சேன். பஃபலோ வந்ததும் எல்லாம் மாறிடுது. ஆர்ட் டெகோ கட்டடம் (நேர்கோடும் பளபளப்புமா இருக்கற அந்தக் காலத்து ஆடம்பர ஸ்டைல்), தங்க நெறம், பச்சை, வழவழன்னு பாலீஷ் போட்ட மரம். லிலித்தோட ஆபீஸ் ரூம் இருக்கே, சுவரு முழுக்க மரப் பலகையில ஏதோ நகைப்பெட்டிக்குள்ள மனுசங்கள வெச்ச மாதிரி இருக்கும். அங்க ரெண்டு பேரும் உக்காந்து மெதுவா, அளந்து அளந்து பேசிக்கறாங்க, 40கள் படத்துல பேசற மாதிரி. கீழ கெடந்த போன தம்பி அங்கதான் எடுத்தான்.

அவன நான் தப்பு சொல்ல மாட்டேன். பழைய நுவார் எங்க நடந்துச்சுன்னு பாத்தா இது புரியும். பில்லி வைல்டரோட 'டபுள் இண்டெம்னிட்டி', 1944. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருத்தனும் கல்யாணமான ஒரு பொண்ணும் அவ புருஷன கொல்லத் திட்டம் போடற கதை. அவங்க சந்திச்சுப் பேசறது எங்க தெரியுமா, ஒரு சூப்பர் மார்க்கெட்ல. ரெண்டு பக்கமும் டப்பா அடுக்கின ரேக்கு, சனம் வந்து போய்க்கிட்டு இருக்கு, இவங்க ஒருத்தர ஒருத்தர் பாக்காம கொலையப் பத்தி கிசுகிசுக்கறாங்க, நடுவுல ஒரு அம்மா வந்து குழந்தைக்கு வாங்கற சாப்பாட்டுப் பாக்கெட் எட்டலைன்னு அவன எடுத்துக் குடுக்க சொல்றாங்க. எனக்கு அந்த சீன்ல வர்ற பயம் வேற எங்கயும் வரல. ஏன்னா அது நாம தினம் போற எடம். அந்தப் படத்துலயும் அழகுக்கு கொறைச்சல் கிடையாது, கேமராமேன் ஜான் சைட்ஸ், ஜன்னல் மறைப்போட பட்டைப் பட்டையான நிழல ஹீரோ மேல ஜெயில் கம்பி மாதிரி விழ வெச்சாரு, மூடிக் கெடந்த வீட்டோட தூசிய வெயில்ல காட்டறதுக்கு அலுமினியத் துகள காத்துல பறக்க விட்டாரு. ஆனா அந்த அழகு ஒரு சாதாரண வீட்டுக்குள்ள, ஒரு சாதாரண ஆபீஸுக்குள்ள உக்காந்திருக்கு. இது எனக்கும் நடக்கலாம்னு தோணும். லிலித் ரூம்ல அப்படித் தோணறது கஷ்டம், அந்த மாதிரி ரூமுக்குள்ள நம்மள்ல யாரும் போனதில்ல.

ஆனா நான் ஏன் எந்திரிக்காம உக்காந்திருந்தேன்? அதையும் சொல்லணும். ஸ்டானுக்கு அந்த அழகுதான் பொறி. சேத்துலேர்ந்து வந்தவன், அந்த வழவழப்பு, அந்த மரம், அந்த டாக்டரோட நிதானம், இதெல்லாம் பாத்துதான் நான் மேல வந்துட்டேன்னு நம்பறான். படம் நம்மளையும் அதே மாதிரி மயக்கிட்டு, அந்த மயக்கத்துலயே அவன் கூட நாமளும் நடந்து போய் குழியில விழணும்னு நெனைக்குது. எனக்கு அது வேலை செஞ்சுது. அந்த ரூம்ல நான் பாதுகாப்பா உணர்ந்தேன், அது பொய்னு தெரியற எடத்துல எனக்கே ஏமாந்த மாதிரி வலிச்சுது. தம்பிக்கு அந்த ரூம் முதல்லேர்ந்தே செட்டு, அவன் மயங்கவே இல்ல, மயங்காதவனுக்கு விழற வலி எங்கேர்ந்து வரும்? ஒரே படம், ஒரே சோபா, ஒரே ராத்திரி. அழகு ஒருத்தனுக்கு கதையாச்சு, இன்னொருத்தனுக்கு கதைய மறைக்கற திரையாச்சு.

இன்னொரு பெரிய காரணம் இருக்கு, புதுசா நுவார் பாக்கறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். க்ரைம் படம்னு சொன்னதும் நம்ம மனசு சஸ்பென்ஸ எதிர்பாக்கும், யாரு பண்ணா, அடுத்து என்ன, கடைசில என்ன ட்விஸ்ட்டுன்னு. நுவாருக்கு அதுல பெரிய அக்கறை கிடையாது. 'டபுள் இண்டெம்னிட்டி' தொடங்கறப்பவே ஹீரோ குண்டு காயத்தோட ஆபீஸுக்கு வந்து ஒலிப்பதிவு மெஷின்ல எல்லாத்தையும் ஒத்துக்கறான், பணமும் கிடைக்கல, அந்தப் பொண்ணும் கிடைக்கலன்னு முதல்லயே சொல்லிடறான். அதே வைல்டர் 1950ல எடுத்த 'சன்செட் புலிவார்ட்'ல கதை சொல்றவனே நீச்சல் குளத்துல பொணமா மெதக்கறான். முடிவ முன்னாடியே குடுத்துடறாங்க, ஏன்னா இது விதியப் பத்தின கதை. நம்ம ஊரு தெருக்கூத்துல துரியோதனன் சாவான்னு தெரிஞ்சேதான் விடிய விடிய உக்காந்து பாக்கறோம், எப்படி சாகறாங்கறதுதான் கூத்து. 'நைட்மேர் ஆலி'யும் அந்த ஜாதி. கீக்க எப்படி உருவாக்கறதுன்னு கிளெம் சொல்றப்பவே ஸ்டானுக்கு என்ன நடக்கப் போகுதுன்னு கவனமா பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும். "நான் அப்பவே கண்டுபிடிச்சுட்டேன், அப்புறம் எதுக்கு இவ்ளோ நேரம்?"னு ஒருத்தர் கேப்பாரு, இன்னொருத்தருக்கு அந்தத் தெரிஞ்ச முடிவு ஒவ்வொரு சீன்லயும் கழுத்துல கயிறு மாதிரி எறுகிக்கிட்டே இருக்கும். செலவு பெருசா ஆக ஆக இந்தப் பிரச்சனையும் பெருசாகுது, ஏன்னா 6 கோடி டாலர் போட்ட படத்த ட்ரெய்லர்ல விதிக் கதைன்னு சொல்லி விக்க முடியாது, த்ரில்லர்னுதான் விப்பாங்க. பெரிய நடிகருங்க, பெரிய செட்டு, திகில் மியூசிக் பாத்துட்டு வர்றவங்க வேற ஒரு படத்துக்கு டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்க. அதுல அவங்க தப்பு எதுவும் இல்ல.

இதோட நுவார்ல பிடிச்சுக்க ஒரு நல்லவன் கிடையாதுங்கறதையும் சேத்துக்கங்க. மோலி நல்ல பொண்ணுதான், ஆனா படம் அவ பின்னாடி போகாது. பழைய நுவாருங்க நெறைய ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுடும், கெட்டவன் கூட அவ்ளோ நேரம் இருந்துடலாம். 1947 படம் 110 நிமிஷம். புதுசு 150. அந்த 40 நிமிஷமும் ஒரு மோசமான மனுசனோட மூச்சுக்காத்துல இருக்கணும், எல்லாராலயும் அது முடியாது.

இது எல்லாத்தையும் விட நாம பேசாம விட்டுடற ஒரு காரணம், பாக்கற ஸ்கிரீன். நெஜமாவே எல்லாரும் ஒரே படத்த பாக்கறதில்ல. இந்தப் படத்தோட கேமராமேன் டான் லாஸ்ட்சன், இருட்டுலயே பல அடுக்கு வெச்சு லைட் பண்ணிருக்காரு, கருப்புக் கோட்டு, அதுக்குப் பின்னாடி கருஞ்சுவரு, அதுக்குப் பின்னாடி இன்னும் கருப்பா ஒரு கதவு. நல்ல தியேட்டர்ல இது மூணும் தனித்தனியா தெரியும். ப்ரொஜெக்டர் பல்பு பழசாயிருந்தா மூணும் சேந்து ஒரே கருப்பு. வீட்ல ட்யூப் லைட்ட போட்டுக்கிட்டு பாத்தா டிவி கண்ணாடியில நம்ம மூஞ்சிதான் தெரியும். நெட் கொஞ்சம் ஸ்லோவா இருந்தா ஓடிடில வீடியோ சைஸ கொறைக்கும், அப்ப முதல்ல பலியாகறது இருட்டுதான், அழகா கரையற நிழலு பட்டை பட்டையா, கட்டம் கட்டமா ஒடையும். பகல்ல பீச்சுல எடுத்த காமெடிப் படத்துக்கு இதெல்லாம் பெரிய நஷ்டம் இல்ல. நுவாருக்கு நிழல்தான் வசனம், நிழலு போச்சுன்னா வசனத்த ம்யூட் பண்ணிட்டு பாத்த மாதிரி. அன்னைக்கு எங்க வீட்டு ஹால்ல பாதி நேரம் லைட் எரிஞ்சுது, அம்மா சமையக்கட்டுக்கும் ஹாலுக்கும் போய் வந்துக்கிட்டு இருந்தாங்க, தம்பி உக்காந்த பக்கம்தான் அந்த வெளிச்சம் அடிச்சுது. இத நான் ரொம்ப நாள் கழிச்சுதான் யோசிச்சேன்.

ரெண்டாப் பிரியறதுன்னு பேசினா 'பிளேட் ரன்னர்' பத்தி சொல்லாம விட முடியாது. ரிட்லி ஸ்காட், 1982 ஜூன். எதிர்காலத்து லாஸ் ஏஞ்சல்ஸ்ல நடக்கற நுவார், ஓயாத மழை, புகை, நியான். ரெண்டு வாரம் முன்னாடிதான் ஸ்பீல்பெர்க்கோட 'ஈ.டி.' வந்து ஊரே அந்த அன்பான வேற்றுக்கிரகத்துக் குழந்தைய கொண்டாடிக்கிட்டு இருந்துச்சு, அந்த நேரத்துல இப்படி ஒரு சோகமான, ஈரமான படம். பாக்கறதுக்கு அற்புதம், ஆனா மெதுவா போகுது, மனசத் தொடலன்னு அப்ப நெறைய பேர் சொன்னாங்க. ஸ்டூடியோவுக்கு முன்னோட்டக் காட்சியிலயே பயம் வந்து, ஹீரோ குரல்ல விளக்கம் சேத்து, சந்தோஷமான ஒரு முடிவையும் சேத்துதான் ரிலீஸ் பண்ணுச்சு. அந்த முடிவுல வர்ற மலைக்காட்சிங்க ஸ்டான்லி குப்ரிக்கோட 'தி ஷைனிங்'குக்காக எடுத்து மிஞ்சின ஹெலிகாப்டர் ஷாட்டுங்க. 1992ல அந்தக் குரலையும் முடிவையும் எடுத்துட்டு ஒரு வெர்ஷன் வந்துச்சு, 2007ல டைரக்டர் முழுசா கைவெச்ச கடைசி வெர்ஷன், இடைப்பட்ட காலத்துல அது ஒரு காலத்தையே பாதிச்ச படமாயிடுச்சு. எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயம் வேற. அந்த பிரம்மாண்டமான தெரு, வார்னர் ஸ்டூடியோவோட பழைய நியூயார்க் தெரு செட்டு. அது பழைய செட்டுன்னு தெரியக் கூடாதுங்கறதுக்காகவும்தான் ராத்திரி, மழை, புகைன்னு எடுத்தாங்க. அவ்ளோ செலவு பண்ணின படத்துலயும் இல்லாமைய மறைக்கற அந்தப் பழைய நுவார் பழக்கம் உள்ள இருந்துச்சு, அதனாலதானோ என்னவோ அந்தப் புகைக்குள்ள நமக்கு நிரப்பிக்க இன்னும் எடம் இருக்கு.

நம்ம பக்கமும் ஒண்ணு உண்டு. 1954ல ஏவிஎம் தயாரிச்சு எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்', சிவாஜி, பண்டரிபாய் நடிச்சது, ஒரு பாட்டு கூட கிடையாது. நிழலும் கோணமும் அந்தக் காலத் தமிழ்ப் படத்துல பாக்காத அளவுக்கு இருக்கும். விமர்சகருங்க கொண்டாடினாங்க, தியேட்டர்ல சரியா போகல. பாட்டு வரும்னு வந்த சனத்துக்கு அது வேற படம்.

மறுபடி 'நைட்மேர் ஆலி'க்கு வர்றேன். அதுக்கு 2022 ஜனவரில டெல் டோரோ ஒரு கருப்பு வெள்ளை வெர்ஷனும் அமெரிக்கால சில தியேட்டர்ல விட்டாரு. எடுக்கறப்பவே கருப்பு வெள்ளைக்குப் பண்ற மாதிரிதான் லைட் பண்ணோம்னு அவங்க சொல்லிருக்காங்க. அத படிச்சதும் எனக்கு ஒரு யோசனை, எங்க வீட்டு டிவி செட்டிங்ஸ்ல கலர சைபருக்கு எறக்கி, ஹால் லைட்ட அணைச்சுட்டு, தம்பிய மறுபடி கூப்பிட்டேன். ரெண்டாவது பாதி மட்டும் பாக்கலாம்டான்னு சொன்னேன். லிலித் ரூம் வந்துச்சு. அந்தத் தங்கமும் பச்சையும் போனதும் ரூம் பின்னாடி போயிடுச்சு, ரெண்டு முகம் முன்னாடி வந்துச்சு. கலர்ல ஒவ்வொரு பொருளும் என்னப் பாருன்னு கூப்பிடும், கருப்பு வெள்ளையில வெளிச்சம் எங்க விழுதோ அங்க மட்டும்தான் கண்ணு போகும். பிளாஞ்செட் முகத்துல பாதி இருட்டு, அவ என்ன நெனைக்கறான்னு தெரியல. தம்பி இந்த தடவ குனிஞ்சு உக்காந்து பாத்தான்.

கடைசி சீன். எல்லாத்தையும் எழந்து தாடியும் அழுக்குமா ஸ்டான் ஒரு சின்ன கார்னிவலுக்கு வேலை கேட்டுப் போறான். முதலாளி ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்து, ஒரு வேலை இருக்கு, தற்காலிகம்தான், கீக் கெடைக்கற வரைக்கும்னு சொல்றான். ஸ்டானுக்குப் புரிஞ்சுடுது. இதுக்குத்தான் நான் பொறந்தேங்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிட்டு சிரிக்க ஆரம்பிக்கறான், அந்த சிரிப்பு அழுகையா மாறுது. அதுல மரமும் இல்ல, தங்கமும் இல்ல, ஒரு முகம் மட்டும் ஸ்கிரீன் முழுக்க. 6 கோடி டாலர் படம் கடைசில வந்து நிக்கற எடம் 1945ல காசே இல்லாம எடுத்தவங்களுக்கும் எட்டற எடம்தான்.

தம்பி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அண்ணே, அவன் ஏண்ணே சிரிக்கறான்?"னு கேட்டான்.

நான் ரிமோட்ட எடுத்து கிளெம் சோறு சாப்பிட்டுக்கிட்டே பேசற சீனுக்கு திருப்பி ஓட்டினேன்.